கண்ணில் ஒற்றிக்கொண்ட கொடி

1

என் மகள் ரெஜினா இந்த நாட்டுக்கு வந்து இந்த மார்ச்சோடு மூன்று வருடம் ஆகிறது. வருடா வருடம் அந்தத் தேதியில் கேசரி கிளறுவேன். இங்கே ரவை என்று கேட்டால் பாலில் போட்டுக் காய்ச்சும் ஒரு ரவையைக் கொடுக்கிறார்கள். அதில் கிளறினால் கேசரி சட்டியை விட்டு வராது. ஆனாலும் கிளறுவேன்.

"ஏம்புள்ள, இதைச் சுவத்துல பூசிட்டா ஓதம் ஏறாதே" என்பார் என் கணவர் அந்தோணி. ஜலகண்டாபுரத்துக்காரர். தறியை விட்டுவிட்டு வந்து இந்த ஊர் இரும்புப் பட்டறையில் பன்னிரண்டு வருடமாக நெருப்பு முன்னால் நிற்கிறார். கிண்டல் மட்டும் கரியவே இல்லை. சின்னவன் தாமஸ் இங்கேயே பிறந்தவன், ஏழு வயது. ஒரு கரண்டி தின்றுவிட்டு இங்கிலீஷில் நன்றி சொல்லிவிட்டு எழுந்துபோவான். பெற்றவளுக்கு நன்றி சொல்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்த வருடம் ரவை வறுபடும் முன்பே வேறொன்று நடந்துவிட்டது. ரெஜினா இங்கே ஒரு தொழிற்கல்லூரியில் தட்டச்சும் கணக்கு எழுதுவதும் படிக்கிறாள். குடியேற்றச் சட்டத்தை மறுபடியும் இறுக்கியிருக்கிறார்கள். அதை எதிர்த்து மாணவர்கள் சனிக்கிழமை ஊர்வலம் போகிறார்களாம். பதாகை எழுத வெள்ளைத் துணி வேண்டும் என்று மாடிக்குப் போய் என் தகரப் பெட்டியைத் திறந்தாள். இறங்கி வரும்போது அவள் கையில் வெள்ளைத் துணி இல்லை. தோய்த்து இஸ்திரி போட்டு மடித்த ஒரு பிரிட்டிஷ் கொடி இருந்தது. அதன் ஒரு மூலை கிழிந்திருந்தது.

"இது யாருதும்மா? நம்ம ஊட்டுல எதுக்கு இந்தக் கொடி?"

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்று வருடமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

2

நாங்கள் புறப்பட்ட காலத்தில் பாஸ்போர்ட்டும் கப்பல் டிக்கெட்டும் இருந்தால் போதும், இங்கே வந்து இறங்கலாம். முதலில் அவர் வந்தார். இரண்டு வருடம் கழித்து நான் வந்தேன். அப்போது ரெஜினாவுக்கு எட்டு வயது. குளிர் நாடு, ஒரே அறை, இருவருக்கும் வேலை. சேலத்தில் என் அக்கா மரியம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லி ரயிலேறினேன். ஜங்ஷனில் பிள்ளை அழவில்லை. கையில் இருந்த கடலை மிட்டாயைப் பாதி கடித்து மீதியை ஜன்னல் வழியே என்னிடம் நீட்டினாள். எனக்குத்தான் ஆத்தூர் வரைக்கும் அழுகை ஓயவில்லை.

ஒரு வருடம் இரண்டானது. தாமஸ் பிறந்தான். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சேர்ந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை படுக்கை விரிப்பு மடிப்பேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதற்குள் சட்டம் வந்துவிட்டது. பெற்றோர் இங்கே இருந்தால் பதினாறு வயதுக்குள் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அதற்கு ஒரு நாள் தாண்டினாலும் அந்தப் பிள்ளை வேற்று ஆள்.

ரெஜினாவுக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது. நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அக்கா அனுப்பிய காகிதங்கள் வந்து சேர்ந்தபோது தலையில் இடி விழுந்தது. ஞானஸ்நானப் புத்தக நகலில் பதினைந்து, பள்ளிக்கூடச் சான்றிதழில் பதினாறு முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துப் பொய் என்னுடையது. நான் அப்போது சேலத்தில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பகலில் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. நாலு வயது நிறையாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வாத்தியார் முன்னால் நிறுத்தினேன். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். கை எட்டவில்லை. நான் அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன், எட்டிவிட்டது. "அஞ்சு முடிஞ்சுதுங்களா?" என்றார். "முடிஞ்சுதுங்க" என்றேன். ஜூன் முதல் தேதி என்று அவரே ஒரு பிறந்தநாளைப் போட்டுக்கொண்டார். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜூன் முதல் தேதிதான் பிறந்தநாள். நம் ஊரில் இதை யாரும் பொய் என்றே நினைப்பதில்லை.

இங்கே நினைக்கிறார்கள். குடியேற்ற அலுவலகத்திலிருந்து இரண்டு முறை கடிதம் வந்தது. இரண்டு தேதிகளில் ஒன்று பொய், எது பொய் என்று தெரியாததால் அனுமதிக்க முடியாது.

3

அப்போதுதான் ஹெலன் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். உண்மைப் பெயர் வேறு. சட்டம் படிக்கும் வெள்ளைக்காரப் பெண், இருபத்திரண்டு வயது. எங்களைப் போல் மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்க நாலைந்து மாணவர்கள் தெருத் தெருவாக வந்தார்கள். அவள் எங்கள் சமையலறையில் தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜூன் முதல் தேதி கதையை நான் சொல்லச் சொல்லச் சிரித்தாள், பிறகு அதையே நான்கு பக்கத்துக்கு அழகாக எழுதினாள். காதைத் தொடும் முறையைத் தானே செய்து பார்த்தாள். ரெஜினாவின் படத்தைக் கேட்டு வாங்கி மனுவோடு சேர்த்தாள். ரசம் கொடுத்தால் கோப்பையில் ஊற்றிக் காப்பி மாதிரி குடிப்பாள்.

அந்த நவம்பரில் மாணவர்கள் நகர மண்டபத்துக்கு முன்னால் கண்டன ஊர்வலம் வைத்தார்கள். எங்களைப் போல் வந்தவர்களின் நாட்டுக் கொடிகள் எல்லாம் வரிசையாகப் போகும். முன்னால் பிரிட்டிஷ் கொடி, அதில் ஒரு கறுப்பு நாடா. அந்த நாடாதான் ஊரை இரண்டாக்கிவிட்டது. துக்கம் என்றார்கள் மாணவர்கள், அவமதிப்பு என்றார்கள் மற்றவர்கள். ஒரு வாரம் பத்திரிகையில் இதே பேச்சு. பிள்ளைகள் தாயைப் பிரிந்து கிடப்பதை யாரும் பேசவில்லை, நாடாவின் அகலத்தைப் பேசினார்கள்.

ஹெலன் கேட்டதால் நானும் போனேன். சலவைக்கூட உடுப்புக்கு மேலே கோட்டு. மழை விட்டுத் தெரு சேறாகக் கிடந்தது. முன்வரிசையில் ஹெலன் கொடியைப் பிடித்திருந்தாள், நான் அவளுக்குப் பக்கத்தில். பழுப்புத் தொப்பி போட்ட கனத்த ஆள் ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். இரண்டு கையாலும் துணியைப் பற்றி இழுத்தான். ஹெலன் விடவில்லை. மூலை கிழிந்து துணி அவன் கையோடு போயிற்று. அதை என்ன செய்வதென்று அவனுக்கே தெரியவில்லை, கையிலிருந்து நழுவவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான். ஹெலன் கையில் வெறும் கம்பு. தள்ளுமுள்ளில் ஒரு அடி எடுத்து வைத்தேன். என் கால் கொடிமேல் இருந்தது.

என் அப்பா சேலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் சாமியாருக்குத் துணையாக ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார். திருவிழாக் கொடியை மடித்து, மடிப்புக்குள் செவ்வந்தி இதழ் வைத்துக் கட்டுவது எங்கள் வீட்டு வேலை. கொடி ஏறும் முன் சனம் வரிசையாக வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். அது தரையில் படக்கூடாது. எனக்கு ஆறு வயதில் அதன் ஓரத்தைத் தாண்டிப் போய் அப்பாவிடம் அறை வாங்கியிருக்கிறேன். அதனால் காலில் கொடி என்று தெரிந்ததும் நான் யோசிக்கவில்லை. யாருடைய கொடி, எதற்கான கொடி, ஒன்றும் மனதில் இல்லை. குனிந்தேன், எடுத்தேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு பளிச்சென்ற வெளிச்சம். பத்திரிகைக்காரன் படம் எடுத்துவிட்டான்.

சுருட்டிக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சேற்றோடு திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. தோய்த்துத் தரலாம் என்றுதான் எண்ணம்.

4

மறுநாள் முதல் பக்கத்தில் நான். பக்கத்தில் வெறும் கம்போடு ஹெலன். தொப்பிக்காரன் படத்திலேயே இல்லை. மாணவர்கள் தேசியக் கொடியைச் சேற்றில் வீசினார்களாம், வந்தேறிய பெண்மணி ஒருத்தி அன்போடு எடுத்து முத்தமிட்டாளாம். முத்தமாம். என் பிள்ளைகளுக்கே நான் வெளியில் வைத்து முத்தம் கொடுத்ததில்லை.

சலவைக்கூடத்து மேற்பார்வைக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தோணியைப் பட்டறையில் தோளில் தட்டினார்கள். பின்தெருவில் இருந்த நம்மவர்கள் இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை. ஹெலனைப் பல்கலைக்கழகம் விசாரணைக்குக் கூப்பிட்டது. அவள் கொடியை வீசவில்லை என்று சொல்ல மாணவர்கள் தவிர வேறு சாட்சி வேண்டும். மாணவர்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? படத்தில் இருக்கும் பெண்மணி சொன்னால் நம்புவார்கள்.

ஹெலன் ஒரு மாலை வந்து கேட்டாள். "நீங்கள் பார்த்ததை ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்."

நான் அந்தோணியைப் பார்த்தேன். மேசைமேல் குடியேற்ற அலுவலகத்தின் மூன்றாவது கடிதம் கிடந்தது. அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஏனுங்க, என்ன பண்றது?"

"நீ எழுதினா அது பேப்பர்ல வந்துரும் புள்ள" என்றார் தமிழில். "அப்புறம் அந்த ஆபீஸ்காரன் நம்ம பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். நம்ம புள்ள அங்கயே இருந்துக்கும்."

ஹெலனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மேசைமேல் இருந்த கடிதம் தெரியும். அவளே எழுந்தாள். "ரெஜினா முதலில். எனக்குப் புரிகிறது" என்றாள். வாசல்வரை போனேன். ரசம் குடித்துவிட்டுப் போ என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

அலுவலகத்தில் ஒரு வழுக்கைத்தலை அதிகாரி. எங்கள் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் மேசை இழுப்பறையைத் திறந்து பத்திரிகையை எடுத்தார். இது நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றேன். முகம் இளகியது. "அந்தப் பெண்தானே கீழே எறிந்தாள்?"

என் கண்ணுக்கு முன்னால் ஜங்ஷனும் பாதி கடலை மிட்டாயும். "எஸ் சார்" என்றேன்.

அவர் ஞானஸ்நான நகலை மேலே வைத்தார், பள்ளிச் சான்றிதழை அடியில் வைத்தார். கோயில் புத்தகத்தை நம்பலாம் என்றார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் என்று நினைத்து அந்தோணி முதுகைத் தடவிக்கொடுத்தார். பாதி சந்தோஷம்தான்.

5

பிப்ரவரியில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. மதராஸுக்குப் போய் ரெஜினாவின் காகிதத்தில் முத்திரை வாங்க ரயில் ஓடுமோ ஓடாதோ என்று எழுதியிருந்தாள். அங்கே மொழிச் சண்டை. குடியரசு நாளில் மாணவர்கள் வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி கட்டியிருக்கிறார்கள். அக்கா ஒன்றும் அறியாமல் தன் கறுப்புப் பாவாடையைத் தோய்த்து மாடியில் காயப்போட்டிருக்கிறாள்.

"போலீசு வந்து கதவைத் தட்டுதுடி. யாரும்மா கொடி கட்டுனதுன்னு கேக்குறான். சாமி சத்தியமா அது எம் பாவாடைங்கன்னு சொன்னா நம்பலை. இறக்கிக் காட்டுன்னான். நாடாவைப் பாத்தப்புறந்தான் போனான். உம் மவ சிரிச்சுச் சிரிச்சு வவுறு வலிக்குதுங்குறா. எந்தத் துணி எந்தக் கொடியாவுமோன்னு இனி துணி காயப்போடவே பயமா இருக்குது."

நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என் அக்கா தன் துணியைக் கொடி இல்லை என்று போலீசிடமே சாதித்திருக்கிறாள். நான் நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதவில்லை.

ஹெலனைப் படிப்பிலிருந்து நீக்கினார்கள். மார்ச்சில் ரெஜினா வந்து இறங்கினாள். இறங்கியவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவள்தான் வந்து "அம்மா" என்றாள். பிள்ளை வந்துவிட்டாளே, இனிமேல் எழுதலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதினால் அந்த அதிகாரி பள்ளிச் சான்றிதழை மறுபடி மேலே எடுத்து வைப்பாரோ என்று பயம். அந்தப் பயத்துக்கு முதல் வருடம் காரணம் இருந்தது. அப்புறம் அது பழகிப்போயிற்று. ஒருமுறை பஸ்ஸில் முன் இருக்கையில் ஹெலனைப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மழையில் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

6

இவ்வளவையும் ரெஜினாவிடம் சொல்லி முடித்தபோது வாணலியில் ரவை ஆறிப்போயிருந்தது. அவள் கொடியை மடியில் வைத்துக்கொண்டு கிழிந்த மூலையைத் தடவினாள்.

"அப்ப அந்த அக்கா படிப்பு போயித்தான் நான் வந்தனா?"

"அப்படிச் சொல்லாத சாமி."

"வேற எப்படிம்மா சொல்றது?"

அவள் மாடிக்குப் போய்த் தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்லூரியில் வாடகைக்கு எடுத்தது. ஹெலன் உட்கார்ந்த அதே இடத்தில் வைத்தாள். "அந்த அக்கா கேட்ட பக்கத்த நீ தமிழ்ல சொல்லு, நான் இங்கிலீஷ்ல அடிக்கிறேன்."

அந்தோணி வேலையிலிருந்து வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். "அந்த ஆபீஸ்காரன் பழைய காயிதத்தையெல்லாம் தூக்கிட்டு வந்தான்னா என்ன பண்ணுவீங்க?"

"எனக்கு ஒண்ணும் பொய் வயசு இல்லீங்கப்பா" என்றாள் ரெஜினா. "கேட்டா கேக்கட்டும். கோயில் புஸ்தகம் அங்கயேதான இருக்குது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தொப்பிக்காரன் ரெண்டு கையாலயும் இழுத்தான்னு போடு. துணியில ரெண்டு எடத்துல நூல் வெலகியிருக்குது பாரு. கீழ விழுந்த துணி அப்படி வெலகாது." தறிக்காரர் கண்ணுக்குத் தப்புமா? நான் மூன்று வருடமாகப் பார்த்த துணி, சலவைக்காரி எனக்கே அது தெரியவில்லை. அலுவலகத்தில் நான் சொன்ன "எஸ் சார்" என்பதையும் அடிக்கச் சொன்னேன். ரெஜினா நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு அடித்தாள்.

சனிக்கிழமை ரெஜினா ஊர்வலம் போனாள். எந்தக் கொடியும் எடுத்துப்போகவில்லை. ஞாயிறு பூசை முடிந்து நானும் அவளும் பஸ் ஏறினோம். ஹெலன் பக்கத்து ஊரில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள், கடைக்கு மேலேயே குடியிருக்கிறாள் என்று அவளுடைய பழைய வீட்டுக்காரியிடம் விசாரித்து வைத்திருந்தேன். டப்பாவில் கேசரி, பையில் கடிதமும் கொடியும். என்ன சொல்ல வேண்டும் என்று இங்கிலீஷில் நாலு வாக்கியம் உருப்போட்டுக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"இது ரெஜினாவா?" என்றாள். "வந்துவிட்டாளா?"

என் நாலு வாக்கியமும் போயின. மூன்று வருடமாக அவளுக்கு அது தெரியாது. தன் படிப்பு எதற்குப் போயிற்று என்பதற்கு ஒரு வரி பதில்கூட நான் அனுப்பவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளே உட்காரவைத்தாள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "எஸ் சார்" இருந்த கடைசிப் பத்தியில் அவள் கண் அதிக நேரம் நின்றது. "நான் திரும்பிப் படிக்கப் போவதில்லை" என்றாள். "ஆனாலும் அனுப்புங்கள். பல்கலைக்கழகத்தில் என் பெயர் போட்ட கோப்பில் இதுவும் இருக்கட்டும்." பிறகு கொடியை விரித்துப் பார்த்தாள். "ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன். அன்றைக்கு நீங்கள் செய்தது முத்தமில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அது என்ன?"

"காலில் பட்டுவிட்டது" என்றேன் இங்கிலீஷில். "மன்னிப்புக் கேட்டேன்."

"கொடியிடமா?"

"ஆமாம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. அதற்குமேல் என்னிடம் இங்கிலீஷும் இல்லை. "துணிகிட்ட அப்பவே கேட்டுட்டேன் கண்ணு. உங்கிட்டக் கேக்கத்தான் இத்தன நாளாயிருச்சு" என்று தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ரெஜினா மொழிபெயர்க்க வாயெடுத்தாள். ஹெலன் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.